நீர்மோர்ப் பந்தலும் ஆயிரம் லைக்கும்

எங்கள் தெரு முனையில் சித்திரைத் திருவிழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போடுவது நாற்பது வருடத்துக்கு மேலாக நடக்கிற காரியம். எதிர்சேவைக்கு முதல் நாள் ஆரம்பித்து, அழகர் மலைக்குத் திரும்புகிற வரை நடக்கும். தென்னங்கீற்றுப் பந்தல், இரண்டு பெரிய மண்பானை, ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர், பந்தல் காலில் ஒரு கரும்பலகை. பலகையில் அன்றைய உபயதாரர் பெயர், வாங்கிய தயிர் எத்தனை லிட்டர், வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று சாக்பீஸில் எழுதி வைப்போம். வங்கியில் இருந்தவன் என்பதால் அந்தப் பலகை என் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பதவியிலிருந்து மட்டும் என்னை யாரும் விடுவிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் தெருப் பிள்ளைகள் பந்தலுக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினார்கள். கையோடு ஒரு கடைக்காரரிடம் பேசி பெரிய ஃபிளெக்ஸ் பேனரும் நான்கு குடையும் வாங்கி வந்தார்கள். பதிலுக்குக் கடைப் பெயர் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். எடுத்தார்கள். நன்றாகவே வந்திருந்தது. கொத்தமல்லி தூவுவதை மெதுவாகக் காட்டி, பின்னால் நாதஸ்வரம் வைத்து, கடைசியில் 'உங்கள் அன்பைக் காட்டுங்கள்' என்று ஒரு சிவப்பு இதயம். சாயங்காலத்துக்குள் ஆயிரம் லைக் தாண்டிவிட்டது.

மறுநாள் மதியம் இரண்டு மணி வெயிலில் பந்தலில் நின்றது மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து ஆறு முழங்கால், அதில் நல்ல நிலையில் இருந்தது இரண்டு. வருகிற கூட்டத்துக்கு ஊற்றவா, டம்ளர் கழுவவா என்று தெரியாமல் திண்டாடினோம். ராத்திரி பந்தலைப் பார்க்க வந்த பையனிடம் கோபத்தைக் கொட்டினேன். "ஆயிரம் பேரு லைக் போட்டாங்களேப்பா, அதுல நாலு பேரு டம்ளர் கழுவ வரக்கூடாதா?"

அவன் நிதானமாகச் சொன்னான். "சார், நாம டம்ளர் கழுவ வாங்கன்னு கூப்பிடவே இல்லையே. அன்பைக் காட்டுங்கன்னுதான போட்டோம். காட்டிட்டாங்க."

கோபம் இறங்கிய பிறகு யோசித்துப் பார்த்தேன். பையன் சொன்னதுதான் சரி. ஜனங்கள் மோசமில்லை. கேட்டதைக் கொடுத்தார்கள். நாம் கேட்டதே அவ்வளவுதான். அன்றிலிருந்து, கம்பெனிகளும் கோயில்களும் தர்ம காரியக்காரர்களும் போனில் நம்மைக் கூப்பிடுகிற ஒவ்வொரு கூப்பாட்டையும் நான் இரண்டே கேள்வியால் எடை போடுகிறேன். என்னிடம் என்ன கேட்கிறார்கள்? முடிந்த பிறகு என்ன ஆயிற்று என்று என்னிடம் சொல்வார்களா?

முதலில் கம்பெனிகளை எடுத்துக்கொள்வோம். அமுல் வெண்ணெய் விளம்பரத்துச் சிறுமியை நமக்கெல்லாம் தெரியும். புள்ளி போட்ட கவுன், நீலத் தலைமுடி. 1966ல் சில்வெஸ்டர் டாகுன்ஹாவின் விளம்பர நிறுவனம் உருவாக்கியது, ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டஸ் வரைந்தது. பம்பாய்த் தெருப் பலகைகளில் ஆரம்பித்து, ஊரில் அன்றைக்கு எது பேச்சோ அதைப் பற்றி ஒரு வரி குறும்பு சொல்லிவிட்டுப் போகும். பிறகு ஃபேஸ்புக்கும் டிவிட்டரும் வந்தபோது அந்தக் குழந்தை தன்னை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே வரவில்லை. அது நம்மிடம் கேட்பது ஒரு சிரிப்பு. கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். வெண்ணெய் விற்கத்தான் வந்திருக்கிறது என்பதை அது ஒருநாளும் மறைத்ததில்லை.

எனக்கு உறுத்துவது வேறு வகை. தன் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு, "நானே எங்க வீட்டுக்கு இதத்தான் வாங்குறேன் அக்கா" என்று ஒரு பெண் பேசுகிறது. பக்கத்து வீட்டுப் பெண் சொல்வது போலவே இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு பேசுகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை. பணமோ இலவசப் பொருளோ வாங்கிப் பேசினால் அது விளம்பரம் என்று தெளிவாகப் போட வேண்டும் என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021லேயே விதி கொண்டு வந்துவிட்டது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஜனங்களைத் திசைதிருப்பும் விளம்பரத்துக்கு உற்பத்தியாளருக்கு மட்டுமல்ல, அதில் வந்து பரிந்துரைத்தவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். நம் வயதுக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. நம் காலத்தில் விளம்பரம் என்றால் ரேடியோவில் மணியடித்துவிட்டு வரும், சினிமாவில் இடைவேளையில் வரும். வரும்போதே இது விளம்பரம் என்று தெரியும். இப்போது அது உறவுக்காரர் குரலில் வருகிறது.

'இந்தச் செய்தியை ஐந்து குழுவுக்கு அனுப்பினால் பரிசு' என்று வருகிறதே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் முக்கால்வாசி அந்தக் கம்பெனி அனுப்பியதாகவே இருக்காது. அனுப்பியதாகவே இருந்தாலும், சம்பளமில்லாத விற்பனைப் பிரதிநிதியாக நம்மை நியமிக்கிறார்கள் என்பதுதான் அர்த்தம். சொந்தக்காரர்கள் மத்தியில் நமக்கு இருக்கிற மரியாதையை அவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம், வாடகையே வாங்காமல்.

இதில் நன்மையும் உண்டு, மறைக்கக்கூடாது. வாடிக்கையாளர் சேவை எண்ணில் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டும் தீராத புகார், நாலு பேர் பார்க்கும்படி பொதுவில் எழுதியதும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இதன் ரகசியம் எனக்குத் தெரியும். புகார்ப் பெட்டியில் போட்ட காகிதத்துக்கு அவசரம் கிடையாது. கவுண்டரில் நின்று சத்தமாகக் கேட்கிறவருக்கு உடனே நாற்காலி போடுவோம்.

அடுத்தது திருவிழா. போனில் பார்ப்பதெல்லாம் ஒரு திருவிழாவா என்று கேட்கிறவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். 2020 மே 4ஆம் தேதி அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கினேன். கொரோனா ஊரடங்கு. நான்கு மாசி வீதியும் வெறிச்சோடிக் கிடந்தன. மீனாட்சி திருக்கல்யாணம் சில பட்டர்களை மட்டும் வைத்துக் கோயிலுக்குள் நடந்தது, அதை இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். அம்மன் கழுத்தில் மங்கலநாண் ஏறுகிற நேரத்தில் பெண்கள் தங்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வது நம் ஊர் வழக்கம் அல்லவா. என் மனைவி குளித்து, பட்டுப்புடவை கட்டி, புதுச் சரடும் மஞ்சளும் குங்குமமும் தட்டில் வைத்துக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தாள். போனை நிமிர்த்தி வைக்கச் சொம்பு தேடிக் கொடுத்தது நான். மாடியிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டு ஜன்னலிலும் அதே காட்சி. தெருவே சேர்ந்து ஒரே நிமிஷத்தில் ஒரே காரியத்தைச் செய்தது. அன்றைக்கு நடந்தது திருவிழாதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதே நேரலையைக் கடந்த வருடமும் பார்த்தேன். அந்த உணர்வு வரவில்லை. ஏன் என்று யோசித்தால், அன்றைக்கு வீட்டில் இருந்தவளுக்குச் செய்ய ஒரு காரியம் இருந்தது. கடந்த வருடம் நான் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். ஓரத்தில் இதயங்கள் பலூன் மாதிரி மேலே போய்க்கொண்டிருந்தன.

நம் திருவிழாவைக் கட்டியவர்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். அழகர் திருவிழாவில் வேடிக்கை பார்க்க மட்டும் வந்தவர் என்று முன்பெல்லாம் எத்தனை பேரைச் சொல்ல முடியும்? மண்டகப்படிக்காரருக்கு அவர் மண்டகப்படி. ஒருவர் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுவார், ஒருவர் திரி எடுப்பார், ஒருவர் மொட்டை போடுவார். எதுவும் இல்லாதவர் வீட்டுப் பெண்கூட ஒரு சொம்பில் சர்க்கரை நிரப்பி மேலே சூடம் ஏற்றிக்கொண்டு எதிர்சேவைக்கு நிற்பாள். அழகர் என்ன பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினார் என்ற செய்தியை வைகைக் கரையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதுகூட ஒரு வேலைதான். பச்சைப் பட்டு என்று சொல்லும்போது சொல்கிறவன் முகத்திலேயே மழை தெரியும். இப்போது அந்தச் செய்தி எல்லார் கையிலும் ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது. எதிர்சேவையில் முன்வரிசை முழுக்கத் தூக்கிப் பிடித்த போன்கள். பின்னால் நிற்கிற குள்ளமான பாட்டிக்கு அழகர் தெரிவது முன்னால் நிற்கிறவன் திரையில்தான்.

போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வயதாகி நடக்க முடியாதவர்களுக்கும், துபாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கும் நேரலை பெரிய கொடை. ஆனால் விழா நடத்துகிறவர்கள் 'பாருங்கள், பகிருங்கள்' என்பதோடு நிறுத்தாமல், அவர்களுக்கும் ஒரு சொம்புச் சர்க்கரை மாதிரி ஏதாவது கையில் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, தர்ம காரியம். இங்கேதான் எனக்கு ஒரு சூடு விழுந்தது. அதைச் சொல்வதற்கு முன் நல்ல உதாரணம் ஒன்று.

2014ல் தலையில் பனிக்கட்டித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு வீடியோ போட்டார்களே, நினைவிருக்கும். பார்த்துவிட்டுப் பைத்தியக்காரத்தனம் என்று நாம் சிரித்தோம். ஏ.எல்.எஸ். என்கிற நரம்பு நோய்க்காக நடந்தது அது. விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்த நோய். அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் அந்த ஒரே சீசனில் சுமார் பதினோரு கோடியே ஐம்பது லட்சம் டாலர் வந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி போன ஆராய்ச்சியில் நோயோடு தொடர்புள்ள ஒரு மரபணுவைக் கண்டுபிடித்ததாக 2016ல் அறிவித்தார்கள். கூத்து மாதிரி இருந்தாலும் அதற்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. 'ஆதரவு தாருங்கள்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கவில்லை. 'நான் கொட்டிக்கொண்டேன், நீ, நீ, நீ' என்று ஆள் பெயரைச் சொன்னார்கள். இருபத்துநாலு மணி நேரத்தில் தண்ணீரைக் கொட்டிக்கொள், இல்லையென்றால் நூறு டாலர் கொடு. பலர் இரண்டையும் செய்தார்கள். இரண்டு வருடம் கழித்து, உன் பணம் இன்னது செய்தது என்று சொல்லவும் சொன்னார்கள். அதே வருடம் ஹைதராபாத்தில் ஒரு பத்திரிகையாளர் இதையே நம் ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றினார். ஒரு வாளி அரிசியை இல்லாத ஒருவருக்குக் கொடு, படம் எடுத்துப் போடு. தண்ணீரும் மிச்சம், ஒரு வீட்டில் உலையும் ஏறியது.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் இதையே பார்த்தோம். 'சென்னைக்காகப் பிரார்த்திப்போம்' என்ற படங்கள் லட்சக்கணக்கில் சுற்றின. ஆனால் காப்பாற்றியது வேறு வகைச் செய்தி: இன்ன தெரு, இன்ன மாடி, இரண்டு வயதானவர்கள், ஒரு கைக்குழந்தை, படகு வேண்டும். அதை வாங்கிச் சரிபார்த்து, அட்டவணை போட்டு, ஆள் அனுப்பிய பிள்ளைகள் பலர் அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததுகூடக் கிடையாது. அதிலும் ஒரு குறை. உதவி கிடைத்துவிட்டது என்ற செய்தி அதே வேகத்தில் பரவாது. மீட்டு முடித்த வீட்டுக்கும் உதவி கேட்டுச் செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். கேட்கிற அவசரம் முடித்து வைப்பதில் நமக்கு இல்லை.

இனி என் கதை. ஒரு நாள் காலை வாட்ஸ்அப்பில் ஒரு குழந்தையின் படம் வந்தது. இதய அறுவை சிகிச்சை, இத்தனை லட்சம் வேண்டும், கீழே பணம் அனுப்ப ஒரு எண். படத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. யோசிக்காமல் எங்கள் நடைப்பயிற்சிக் குழுவுக்கு அனுப்பினேன். நான் ஒரு பைசா அனுப்பவில்லை. அதைக் கவனியுங்கள். அனுப்பியது செய்தியை மட்டும். ஏதோ நல்லது செய்த நிறைவோடு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அன்று மாலையே ஐயாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டார். சில நாள் கழித்து அவர் பேரன் துருவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதே படம் பல வருடங்களாக வேறு வேறு பெயரில், வேறு வேறு ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய்ப் பணத்தை நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். "படத்தப் பாத்து அனுப்பல சார். நீங்க பேங்க்ல இருந்தவரு, விசாரிச்சுத்தான் போட்டிருப்பீங்கன்னு அனுப்பிட்டேன்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் எதை அனுப்பினாலும் அவரிடமிருந்து வருவது ஒரு கைகூப்பும் படம் மட்டும்.

வங்கியில் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்கு முன் எத்தனை முறை யோசிக்கச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு உபதேசம் செய்திருப்பேன். ஒரு செய்தியை அனுப்புவதும் ஜாமீன் கையெழுத்துதான் என்பது எனக்கு உறைக்க அந்த ஐயாயிரம் தேவைப்பட்டது.

அதனால் இப்போது சில விஷயங்களைக் கட்டாயமாக வைத்திருக்கிறேன். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பணம் போகிற இடத்தின் பெயர் திரையில் வரும். டிரஸ்டுக்குக் கேட்டுவிட்டு தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். ஆஸ்பத்திரிக்கு என்றால் ஆஸ்பத்திரி கணக்குக்கே கட்ட முடியுமா என்று கேட்பேன். பதிவு பெற்ற அமைப்பென்றால் ரசீது தருவார்கள். 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வருமான வரிச் சலுகை இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கும் கிடையாது. சலுகை வேண்டாதவர்களும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ஒழுங்கானவர்கள் கேட்டதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். வாத்தியார் விஷயத்தில் நாள் கடந்துவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு, லைக்கே வீண் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தப் பையன் எனக்கு விளக்கினான். எதற்கு நிறையப் பேர் லைக்கோ பதிலோ போடுகிறார்களோ அதைத்தான் அந்த இயந்திரம் இன்னும் நாலு பேருக்குக் காட்டுமாம். சரி, தண்டோரா என்று வைத்துக்கொள்வோம். தண்டோரா போடுகிறவனும் ஊருக்கு வேண்டும். ஆனால் பறையடித்து ஊரைக் கூட்டிவிட்டு, கூடியவர்களிடம் விஷயத்தைச் சொல்லாமல் போகக்கூடாது.

போன சித்திரைக்கு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, கொத்தமல்லி வீடியோவை விட்டுவிட்டோம். கடைக்காரருக்கும் நன்றி சொல்லிப் பேனரைத் திருப்பிக் கொடுத்தோம், குடைகளை மட்டும் வைத்துக்கொண்டோம். கரும்பலகையில் நான் எழுதினேன், அவன் அதைப் படம் எடுத்துப் போட்டான். 'நாளை மதியம் 2 முதல் 4 வரை டம்ளர் கழுவ 4 பேர் வேண்டும். தயிர் 20 லிட்டர் குறைகிறது. பணம் வேண்டாம், தயிராகக் கொடுக்கலாம்.'

அறுபத்துச் சொச்சம் லைக் வந்தது. ஒன்பது பேர் வந்தார்கள். இரண்டு கல்லூரிப் பெண்கள், ஒரு ஆட்டோக்காரர், ஆனையூரிலிருந்து ஒரு கணவன் மனைவி, மற்றவர்கள் தெருவிலேயே இருந்தும் இதுவரை பந்தல் பக்கம் வராதவர்கள். தயிர் இருபதுக்கு முப்பது லிட்டராக வந்து, மிச்சத்தை அடுத்த பந்தலுக்குக் கொடுத்தோம்.

ராத்திரி அன்றைய வரவு செலவுப் பலகையையும் படமெடுத்துப் போடச் சொன்னேன். பத்தே நிமிஷத்தில் யாரோ ஒரு பெண் பதில் எழுதியிருந்தது: "ஐயா, ஐஸ் செலவுக் கூட்டலில் நாற்பது ரூபாய் தவறு." சரிபார்த்தேன், தவறுதான். முப்பத்தைந்து வருடம் கூட்டிக் கழித்தவனுக்கு ஊர் முன்னால் வந்த மானக்கேடு. ஆனால் ஆயிரம் லைக் வந்த வருடம் பலகையை ஒருவர்கூடப் படிக்கவில்லை என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. அழித்துத் திருத்தி எழுதி, திருத்தியதையும் படமெடுத்துப் போட்டோம்.

காலையில் போனைத் திறந்தால், அந்தத் திருத்திய பலகை எங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் வந்திருந்தது. நான் அனுப்பவில்லை. வாத்தியார் அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: 'நாளைக்கு இரண்டு மணிக்கு நான் போகிறேன், வேறு யார் வருகிறீர்கள்?'